மணி அடித்த பிறகும் ஒரு மணி நேரம்

2016 நவம்பர். ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவித்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஷேர் ஆட்டோவுக்குச் சில்லறை இல்லாமல், குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறி, இறங்கிய ஸ்டேஷனிலிருந்து நடந்தே அந்தக் கல்லூரிக்குப் போனேன். பரீட்சை எனக்கல்ல, பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கும், பார்வையில்லாத ஒரு தம்பிக்கு. அவர் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். அரசாணை மொழியில் எனக்குப் பெயர் ‘சொல்வதை எழுதுபவர்’. மாணவர்கள் சொல்வது ‘ஸ்க்ரைப்’.

எங்களுக்கென்று ஒதுக்கியது ஆய்வுக்கூடத்தை ஒட்டிய ஒரு சின்ன அறை. உடைந்த ஸ்டூல்கள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. வினாத்தாளை முழுதாக இரண்டு முறை படிக்கச் சொன்னார் தம்பி. பிறகு சற்று நேரம் பேசவேயில்லை. கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு கணுவுக்கு ஒரு பாயின்ட் என்பது பிறகுதான் புரிந்தது. காரன்வாலிஸின் நிலையான நிலவரித் திட்டத்துக்கு ஏழு கணுக்கள். “அக்கா, 1793-ஐ அடிக்கோடு போடுங்க. கடைசி வரியைத் திரும்பப் படிங்க. ‘ஜமீன்தார்’னு எழுதினீங்களா, ‘ஜமீந்தார்’னு எழுதினீங்களா?” என் எழுத்துப் பிழையை என் குரலில் கண்டுபிடிக்கப் பார்க்கிறார்!

மூன்று மணி நேரம் முடிந்து மணி அடித்தது. கண்காணிப்பாளர் உள்ளே வந்து, “மணி அடிச்சாச்சும்மா, பேப்பரைக் குடுங்க” என்றார். தம்பி பதறவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். கூடுதலாக ஒரு மணி நேரம் எழுத அனுமதித்து, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் கையெழுத்திட்ட கடிதம். மடித்து மடித்து, மடிப்பு ஒவ்வொன்றும் கிழியத் தொடங்கியிருந்தது. கண்காணிப்பாளர் அதைப் படித்தார். “ஆபீஸ்ல கேட்டுட்டு வரேன். அதுவரைக்கும் எழுதாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வர இருபது நிமிடம் ஆயிற்று.

மனிதர் கெட்டவர் இல்லை. வந்ததும் மன்னிப்பு கேட்டார். எங்கள் இருவருக்கும் டீ வரவழைத்தார். அவரிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் மத்திய அரசின் 2013-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, பரீட்சையின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சேர்த்துத் தர வேண்டிய அவகாசம் இருபது நிமிடம். அதில் ஒரு தவணை விசாரணையிலேயே தீர்ந்துவிட்டது.

ஒவ்வொரு செமஸ்டருக்கும் அந்தக் கடிதம் புதிதாக வாங்க வேண்டும் என்றார் தம்பி. துறைத் தலைவர் கையெழுத்து, முதல்வர் கையெழுத்து, தேர்வு அலுவலக முத்திரை. ஆறு செமஸ்டருக்கு ஆறு முறை. ஜூன் மாதம் பார்வையில்லாமல் சேர்ந்தவருக்கு நவம்பரில் பார்வை வந்திருக்குமோ என்று கல்லூரிக்கு ஒரு சந்தேகம்!

புயலில் அடிபட்டுப்போன செய்தி

அந்தப் பரீட்சை முடிந்த அடுத்த மாதம், டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா மறைந்தார். 12-ஆம் தேதி வர்தா புயல். தென்சென்னைப் புறநகர் முழுக்க மரங்கள் சாய்ந்தன. மின்சாரம் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை. அந்த வாரத்தில்தான், 14-ஆம் தேதி மாநிலங்களவையிலும் 16-ஆம் தேதி மக்களவையிலும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் மசோதா நிறைவேறியது. தாம்பரம் பக்கம் அன்றைக்கு டி.வி. ஓடிய வீடுகள் எத்தனை இருந்திருக்கும்? கல்லூரி அலுவலகங்கள் பலவற்றுக்கு அந்தச் செய்தி இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை என்றே சில நாட்களில் எனக்குத் தோன்றும்.

2017 ஏப்ரல் 19 முதல் சட்டம் அமலில் இருக்கிறது. 1995-ஆம் ஆண்டின் பழைய சட்டம் 7 வகைக் குறைபாடுகளைத்தான் ஏற்றது. இது 21 வகைகளை ஏற்கிறது. கற்றல் குறைபாடு, ஆட்டிசம், ஹீமோபீலியா, மல்டிபிள் ஸ்க்லரோசிஸ், அமில வீச்சில் பாதிக்கப்பட்டோர் எல்லாம் உள்ளே வந்தார்கள். அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் இட ஒதுக்கீடு 3 சதவீதத்திலிருந்து 5 ஆயிற்று.

இட ஒதுக்கீடு எல்லோருக்கும் தெரியும். தெரியாதது வேறொன்று. ஒரு மாணவருடைய குறைபாட்டுக்கு ஏற்ப, நிறுவனத்துக்குத் தாங்க முடியாத சுமை ஆகாத அளவில், செய்ய வேண்டிய மாற்றங்களைச் செய்துதர வேண்டும் என்கிறது சட்டம். ‘நியாயமான வசதி ஏற்பாடு’ என்று தமிழில் சொல்லலாம். கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் பொருத்தமான மாற்றம் ஆகியவை சட்டத்திலேயே இருக்கின்றன. இட ஒதுக்கீடு அரசுக் கல்லூரிக்கும் உதவி பெறும் கல்லூரிக்கும் மட்டும்தான். ஆனால் இந்த ஏற்பாடுகளைச் செய்துதரும் கடமை, அரசின் அங்கீகாரம் பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களையும் கட்டும். பல்லாவரத்திலிருந்து காட்டாங்குளத்தூர் வரை ஜி.எஸ்.டி. சாலையின் இரு பக்கமும் வரிசையாக நிற்கும் தனியார் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் இதில் அடக்கம். சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். அடுத்தடுத்த மீறல்களுக்கு 50,000 முதல் 5 லட்சம் வரை.

ஆனால் கவுன்ட்டரில் கேட்கும் சொல் ‘சலுகை’. “சலுகை வேணும்னா லெட்டர் எழுதிக் குடுங்க.” 2010-இல் ‘ஊனமுற்றோர்’ போய் ‘மாற்றுத்திறனாளி’ வந்தது. நல்ல சொல். அரசுத் துறையின் பெயர்ப்பலகை முதல் பேருந்து இருக்கை வரை அதை மாற்றி எழுதினோம். சலுகை என்ற சொல் மட்டும் நகராமல் உட்கார்ந்திருக்கிறது. சலுகை என்றால் அதைக் கேட்டு நிற்க வேண்டும், வாங்கியதும் நன்றி சொல்ல வேண்டும். கொடுக்கிறவர் மாறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் கேள்விப்பட்டதில் ஆகச் சிறந்த ஏற்பாடு ஐந்து பைசா செலவில்லாதது. சக்கர நாற்காலியில் வரும் மாணவி ஒருவரின் வகுப்பு இரண்டாம் மாடியில் இருந்தது. லிஃப்ட் கிடையாது. கால அட்டவணை போடும் பேராசிரியர், அந்த வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றிவிட்டார். தரைத்தளத்தில் இருந்த வகுப்பு மேலே போனது. இதுவே சாய்தளம் கட்டுவதென்றால் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும். பல கல்லூரிகளில் கட்டி வைத்திருப்பது சறுக்குமரம். பேராசிரியருக்குச் செலவானது ஒரு வெள்ளைத்தாளும் அரைமணி நேரமும்.

தேர்வு வந்தால் தேடல்

தாம்பரம் என்றதும் நினைவுக்கு வருவது சென்னை கிறித்தவக் கல்லூரி. 1837-இல் ஒரு பள்ளியாகத் தொடங்கி, 1937-இல் நகரத்து நெரிசலை விட்டு இங்கே வந்தது. 365 ஏக்கர் புதர்க்காடும் கட்டடங்களுமாக விரிந்த வளாகம். விடுதியிலிருந்து வகுப்புக்கு வெள்ளைக்கோல் தட்டிப் போகும் மாணவர்களை அந்த மரத்தடிப் பாதைகளில் பார்க்கலாம். 1978-இலேயே தன்னாட்சி பெற்ற கல்லூரி அது. தன்னாட்சி என்பது இந்த விஷயத்தில் பெரிய சங்கதி. வினாத்தாள், தேதி, அறை, நேரம் எல்லாமே கல்லூரியின் கையில். இந்தப் புறநகரில் தன்னாட்சிக் கல்லூரிகளும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் நிறைய. “யுனிவர்சிட்டியிலேர்ந்து ஆர்டர் வரணும்” என்று இவற்றில் எதுவும் சொல்லித் தப்பிக்க முடியாது.

இதே கடற்கரை–தாம்பரம் ரயில் பாதையில் நுங்கம்பாக்கத்தில் இறங்கினால் லயோலா கல்லூரி. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென்றே அங்கே ஒரு வளமையம் இருக்கிறது. 2015-இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த, முழுதும் பார்வையற்ற முதல் அதிகாரி பெனோ ஜெஃபைன் எம்.ஏ. ஆங்கிலம் படித்தது லயோலாவில்தான். வளமையம் என்று ஓர் அறையும் அதில் பொறுப்பான ஒரு ஆளும் இருந்தால், மாணவர் ஆறு மேசைக்கு அலைய வேண்டியதில்லை.

மற்ற இடங்களில் அலைச்சல் பரீட்சைக்கு மூன்று வாரம் முன்பு தொடங்கும். ‘18-ஆம் தேதி காலை, தமிழ் எழுதத் தெரிந்த ஸ்க்ரைப் தேவை, இடம் தாம்பரம்’ என்று வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி ஓடும். வருகிறேன் என்று சொன்னவர் முந்தின நாள் இரவு பத்து மணிக்கு “ஸாரி, காய்ச்சல்” என்பார். பாடம் படிக்க வேண்டிய ராத்திரியில் ஆள் தேடிக்கொண்டிருப்பார் மாணவர். ஆங்கில மீடியத்தில் படித்த நகரத்துப் பிள்ளைகள் மனமுவந்து வருவார்கள்; ஆனால் சங்க இலக்கியத் தாளுக்கு ழகர, ளகரம் தடுமாறும். சொல்கிறவர் சரியாகச் சொல்லியும் மதிப்பெண் போகும்.

2018-இல் வந்த திருத்திய நெறிமுறை, இந்தத் தேடலை இன்னும் இறுக்கியது. 2013 நெறிமுறை எழுதுபவரின் படிப்புக்கு வரம்பு போடக் கூடாது என்றது. 2018-ஆம் ஆண்டின் நெறிமுறையோ, மாணவர் தானே அழைத்து வருபவர் அவரைவிடப் படிப்பில் ஒரு படி கீழே இருக்க வேண்டும் என்றது. முறைகேடு நடக்காமலிருக்கத்தான். காரணம் புரிகிறது. ஆனால் என்னைப் போன்றவர்கள் அதோடு வெளியே. கல்லூரியே எழுதுபவர்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்றும் அதே நெறிமுறை சொன்னது. அந்தப் பட்டியலை ஆண்டுதோறும் புதுப்பித்து வைத்திருக்கும் தேர்வு அலுவலகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. இருந்தால் அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

ஜே, கே, பி, ஓ, செமிகோலன்

பரீட்சை ஆண்டுக்கு இரண்டு முறை. பாடம் தினமும் நடக்கிறது. ஏற்பாடு என்றாலே தேர்வறை என்று நினைத்துவிடுகிறோம்.

பார்வையற்ற மாணவர்கள் இன்று பெரும்பாலும் செல்போனிலும் மடிக்கணினியிலும் திரை வாசிப்பான் வைத்துப் படிக்கிறார்கள். என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் இலவசம். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் தொடங்கியது. திரையில் உள்ள எழுத்தைக் குரலாக்கித் தரும், தமிழையும் படிக்கும். ஆனால் எதைக் கொடுத்தால் படிக்கும்?

தமிழ்த் துறை ஆசிரியர் ஒருவர், பதினைந்து ஆண்டுகளாகச் சேர்த்த அருமையான குறிப்புகளை ஒரு மாணவருக்கு அனுப்பினார். அவ்வளவும் பாமினி எழுத்துருவில் அடித்தவை. பாமினியில் ‘தமிழ்’ என்று அடிக்க, ஆங்கில விசைப்பலகையில் ஐந்து குறிகளைத் தட்ட வேண்டும். கண்ணுக்குத் தமிழ். கணினிக்கு உள்ளே அது ஆங்கில எழுத்துக் கூட்டம்தான். திரை வாசிப்பான் உள்ளதை உள்ளபடி வாசித்தது: “ஜே, கே, பி, ஓ, செமிகோலன்.” நாற்பது பக்கமும் அப்படியே. சிலப்பதிகாரக் குறிப்பு அந்த மாணவரின் காதில் தந்தி அலுவலகம்போல் ஒலித்தது.

தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடை ஏற்றுக்கொண்டது. பழைய எழுத்துருவை யூனிகோடாக மாற்றித்தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் கிடக்கின்றன, ஒட்டினால் மாற்றிவிடும். நாற்பது பக்கத்துக்கு நாலு நிமிடம். இதைவிடக் கஷ்டம், கரும்பலகையை செல்போனில் படமெடுத்துக் குழுவில் போடுவது. திரை வாசிப்பான் “படம்” என்று ஒரு சொல் சொல்லிவிட்டு நின்றுவிடும்.

புத்தகத்தை இப்படி மாற்றினால் காப்புரிமைச் சிக்கல் வராதா என்று நூலகர்கள் தயங்குவதுண்டு. 2012-இல் திருத்திய காப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிக்கும் வடிவில் நூலை மாற்றுவதை அனுமதித்துவிட்டது. இதற்கான மராகேஷ் உடன்படிக்கைக்கு உலகிலேயே முதலில் ஒப்புதல் தந்த நாடு இந்தியா, 2014-இல். தயங்க வேண்டியதில்லை.

காது கேளாதோர் கதை இன்னும் இறுக்கமானது. மாநிலக் கல்லூரியில் அவர்களுக்கென்று பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் உண்டு. அடையாற்றில் புனித லூயிஸ் நிறுவனம் அவர்களுக்கென்றே கல்லூரி நடத்துகிறது. ஆகவே காது கேளாத பிள்ளை என்றால் பி.காம். அல்லது பி.சி.ஏ. என்று வீட்டில் முடிவாகிவிடுகிறது. அந்தப் பிள்ளைக்கு விலங்கியலில் ஆசை இருந்தால்? சைகை மொழிபெயர்ப்பாளர் எந்த வகுப்பில் நிற்கிறாரோ, அதுவே அவர்கள் விரும்பிய பாடம் ஆகிவிடுகிறது. மற்ற கல்லூரியில் சேர்ந்தாலும், பலகையைப் பார்த்தபடியே பாடம் நடத்தும் ஆசிரியரின் உதட்டை முதுகுப் பக்கமிருந்து எப்படிப் படிப்பது?

நாற்பதுக்குக் கீழே

எளிதில் தெரிந்துவிடும் குறைபாடுகள் இவை. தெரியாதவற்றின் பாடு வேறு. கற்றல் குறைபாடுகளில் ஒன்றான டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் அரசுத் தேர்வுகள் இயக்ககம் கூடுதல் நேரம் தருகிறது. கல்லூரி வாசலில் அந்தக் கோப்பு மூடப்படுகிறது. “பாத்தா நல்லாத்தானே இருக்கே?” என்ற கேள்வியிலிருந்து மறுபடி ஆரம்பம்.

2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் தந்த ஒரு தீர்ப்பைப் புறநகர்க் கல்லூரிகள் அலுவலகச் சுவரில் ஒட்டி வைக்கலாம். விகாஷ் குமார் என்ற தேர்வர், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் சிக்கல் உள்ளவர், குடிமைப் பணித் தேர்வுக்கு ஸ்க்ரைப் கேட்டார். 40 சதவீதக் குறைபாடு இல்லை என்று தேர்வாணையம் மறுத்தது. 40 சதவீதம் என்பது இட ஒதுக்கீட்டுக்கான அளவுகோல், வசதி ஏற்பாட்டுக்கு அதை வைத்து அளக்கக் கூடாது என்றது நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு. 40-க்குக் கீழே உள்ளவர்களுக்கும் எழுதுவதில் சிரமம் இருந்தால் ஸ்க்ரைபும் கூடுதல் நேரமும் உண்டு என்று மத்திய அரசு 2022 ஆகஸ்ட் 10 அன்று நெறிமுறை வெளியிட்டது. “கார்டுல எத்தனை பெர்சன்ட் போட்டிருக்கு?” என்பது இன்னமும் நம் அலுவலகங்களின் முதல் கேள்வியாக இருக்கிறது.

கல்லூரிக்கு வந்து சேர்வதே ஒரு பாடு. மின்சார ரயிலில் மாற்றுத்திறனாளிகள் பெட்டி இருக்கிறது. காலை எட்டரைக்கு அதில் மாற்றுத்திறனாளிக்கு இடம் இருப்பதில்லை. மாநகரப் பேருந்தில் தாழ்தள வண்டிகள் மீண்டும் ஓடத் தொடங்கியது 2024 ஆகஸ்டில்; அதற்கும் வைஷ்ணவி ஜெயக்குமார் போன்ற ஆர்வலர்கள் உயர் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

இத்தனையும் தாண்டித்தான் கணக்கில் சேர்கிறார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஆயிரம் பேரில் 22 பேர் மாற்றுத்திறனாளிகள். 2020-21 உயர்கல்விக் கணக்கெடுப்பில் மொத்த மாணவர்கள் 4.14 கோடி, மாற்றுத்திறனாளிகள் சுமார் 79,000. ஆயிரத்துக்கு இரண்டு பேர்கூட இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு அந்த எண் 92,000-க்கு மேல் இருந்தது. கொரோனாவில் எல்லோருக்கும் வகுப்பு ஆன்லைனுக்குப் போனபோது, இவர்களில் பதின்மூன்றாயிரம் பேர் குறைந்திருக்கிறார்கள்.

ஒரே மாணவரிடமிருந்து நிலைமை மாறத் தொடங்கிய இடமும் உண்டு. போலியோவால் கழுத்துக்குக் கீழே அசைவிழந்த எட் ராபர்ட்ஸ், 1962-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அவர் படுத்த இரும்பு நுரையீரல் இயந்திரத்தை வைக்க விடுதி அறை கிடைக்கவில்லை. வளாக மருத்துவமனையின் ஒரு பகுதியையே அவருக்கு விடுதியாக்கினார்கள். அவரும் பின்னால் வந்த மாணவர்களும் சேர்ந்து, சில ஆண்டுகளில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான தனி அலுவலகத்தையே அங்கே ஏற்படுத்திவிட்டார்கள். ஒரு மாணவருக்காகச் செய்த ஏற்பாடு, அடுத்தவர் வரும்போது அலுவலகமாகக் காத்திருந்தது. நம்மிடம் ஒவ்வொரு மாணவரும் முதல் மாணவர்தான்.

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். சேர்க்கை விண்ணப்பத்தோடு ஒரு பக்கப் படிவம். உங்களுக்கு என்னென்ன வேண்டும் என்ற ஒரே கேள்வி. அதில் ஒரே ஒரு முறை கையெழுத்து, மூன்று ஆண்டுக்கும் அது செல்லும். நகல் துறைக்கும் நூலகத்துக்கும் தேர்வு அலுவலகத்துக்கும் போக வேண்டும். தேர்வன்று காலை கண்காணிப்பாளருக்குக் கொடுக்கும் பட்டியலில், பதிவெண்ணுக்குப் பக்கத்தில் ‘பிற்பகல் 2 மணி வரை’ என்று அச்சாகியிருக்க வேண்டும். மணி அடித்த பிறகு யாரும் சட்டைப் பையைத் துழாவக் கூடாது.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம், மேடவாக்கம் பக்கம் இருக்கிறீர்களா? உங்கள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்போ கல்லூரி முதலாண்டோ படிக்கும் பிள்ளை இருக்கிறதா? நவம்பர் தேர்வுக்கு முன் அருகிலுள்ள கல்லூரியில் ‘சொல்வதை எழுதுபவர்’ பட்டியலுக்குப் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். மாணவரின் செல்போன் எண்ணுக்கு அல்ல, தேர்வு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். பட்டியல் இல்லை என்பார்கள். முதல் பெயராக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.